கால் கொடுத்தோம், பிறகு?

போன மாசியில், 46 வயதில், வாழ்க்கையில் முதல் தடவையாக 42.195 கிலோமீற்றர் ஓடினேன். ஆனையிறவு உப்பளத்தடியில் விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டு, ஏ9 வீதியால் தெற்கே பிடித்து, மாங்குளப் பக்கம் போய் நிற்க 6 மணித்தியாலமும் 10 நிமிடமும் எடுத்தது. ஒரு கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று சொந்தக்காரரும் கூடப்படித்த ஆக்களும் காசு தந்தார்கள். அது புதுச் செயற்கைக் கால் வாங்க இல்லை, முன்னமே கொடுத்த கால்களைத் திருத்த. ஏன் அப்படி என்று பலர் கேட்டதால் எழுதுகிறேன்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்கா இருக்கிறா. 2009 இல் முழங்காலுக்குக் கீழே இழந்தவ. ஒருநாள் பின்னேரம் திண்ணையில் இருந்து காலைக் கழற்றினா. ஒன்றுக்கு மேல் ஒன்றாக நாலு காலுறை. அதில் இரண்டு மகன்ர பள்ளிக்கூடக் காலுறை. "இது எனக்குப் பெருத்துப் போச்சு பிள்ளை" என்றா. உண்மையில் வத்தினது அவவின் கால். வெட்டின இடத்துச் சதை வருடக்கணக்கில் சுருங்கும். அப்போது செயற்கைக் கால் ஆடும், ஆடினால் உரசும், உரசினால் புண்வரும். பெருவிரல் பக்கம் இறப்பர் வெடித்து, அதுக்குள் வயல் சேறு காய்ந்து கிடந்தது. ஈர்க்குக் குச்சியால் அதைக் கிண்டிக் கிண்டித்தான் என்னோடு கதைத்துக்கொண்டிருந்தா.

அது ஜெய்ப்பூர் கால். 1968 இல் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் வைத்தியர் பி. கே. சேத்தியும் உருவாக்கியது. சப்பாத்து தேவையில்லை, குந்தி இருக்கலாம், சேற்றில் இறங்கலாம். வன்னிச் சனத்துக்கு அதைவிடப் பொருத்தமாக ஒன்று எனக்குத் தெரியாது. ஆனால் இறப்பர் இறப்பர்தானே, சைக்கிள் ரயர்போலத் தேயும். பட்டி அறும். வளருகிற பிள்ளை என்றால் அளவு மாறிக்கொண்டே இருக்கும்.

வெளிநாட்டில் இருக்கும் ஒருவரிடம் இதைச் சொல்லிக் காசு கேட்டேன். "புதுக் கால் எண்டா சொல்லுங்கோ, ரெண்டு தாறன். கையளிக்கிற படம் மட்டும் அனுப்புங்கோ" என்றார். நல்ல மனுசன், மனதாரத்தான் சொன்னார். ஆனாலும் எனக்கு அன்று இரவு முழுக்க நித்திரை இல்லை. அறுந்த பட்டியை மாற்றினதில் படம் எடுக்க என்ன இருக்கிறது? படம் இல்லாததால்தானே இவ்வளவு காலமும் அக்கா காலுறை திணித்துக்கொண்டு நாற்று நட்டவ. திருத்தப் போவதென்றாலும் ஒருநாள் கூலி போய்விடும், பஸ் காசு வேறு.

ஓட்டத்துக்கு எட்டு மாதம் குளக்கட்டில் பழகினேன். முறிகண்டி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, மகன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்த இளநீரைக் குடித்துவிட்டு வெளிக்கிட்டேன். அதுக்குப் பிறகுதான் கொக்காவில். 174 மீற்றர் தொலைத்தொடர்புக் கோபுரம், எவ்வளவு ஓடினாலும் கிட்ட வராது. 30 கிலோமீற்றர் தாண்ட உடம்பில் சேர்ந்திருந்த சர்க்கரை முடிந்துபோகும், பிறகு ஒவ்வொரு அடியும் கல்லுத் தூக்குகிறமாதிரி. அந்த நேரம் பார்த்து இடது காலுறை பெருவிரலடியில் மடிந்துவிட்டது. ஒரேயொரு மடிப்பு. கொஞ்சத் தூரத்துக்குள் தோல் உரிந்து, தரையில் கால் வைக்க ஏலாமல் வீதியோரம் இருந்துவிட்டேன். சப்பாத்தைக் கழற்றி, காலுறையை இழுத்துச் சரிசெய்யும்போது அழுகை வந்தது. மகன் நோவென்று நினைத்து, "அம்மா, காணும், ஏறுங்கோ" என்றான். எனக்கு அந்த நாலு காலுறையும்தான் கண்ணுக்குள் நின்றது. எழும்பி ஓடினேன்.

சேர்ந்த காசில் ஒன்பது பேருக்கு அளவெடுக்கப் போகிறோம். பஸ் காசும் அன்றைய கூலியும் அதுக்குள் அடக்கம். படம் போட மாட்டேன், செலவுக் கணக்கை இங்கேயே போடுவேன். அக்கா நேற்றும் வந்து கேட்டுவிட்டுப் போனா: "சிறுபோகம் விதைக்க முன்னம் கிடைச்சிடுமே பிள்ளை?"