ஜோவுக்குக் கை ஓங்கத் தெரியும்

ஞாயிற்றுக்கிழமை கொழும்பு வெள்ளவத்தையில் நடந்த இலக்கியக் கூட்டத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டீர்கள், காணொளியையும் பகிர்ந்துவிட்டீர்கள். ஆகவே பேசியவர் யார் என்பதை நான் மீண்டும் சொல்லத் தேவையில்லை. சார்ல்ஸ் டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலில் வரும் கொல்லர் ஜோ கார்ஜரி “முதுகெலும்பில்லாத நல்லவர்” என்று அவர் சொன்னதும், மண்டபம் முழுவதும் சிரித்ததும் இன்னும் எனக்கு உறுத்துகின்றன. பொடி வைத்துப் பேசுவதில் அவர் வல்லவர். குழலால் பொடி வைத்து ஊதி நகை பற்றவைத்த ஒருவரின் மகள் என்பதால் இந்தப் பிரயோகத்தைச் சற்று உரிமையோடுதான் எழுதுகிறேன்.

ஜோவுக்குக் கை ஓங்கத் தெரியும். தன் மனைவியைப் பட்டறை வேலையாள் ஓர்லிக் இழிவாகப் பேசியபோது அந்த முரடனை நிலக்கரித் தூளில் வீழ்த்தியவர் அவர். சற்று நேரத்தில் இருவரும் பட்டறையைப் பெருக்கிக்கொண்டு ஒரே பாத்திரத்துப் பியரை மாறி மாறிக் குடிக்கிறார்கள். ஜோவின் வீட்டில் வளரும் மனைவியின் தம்பி பிப்புக்கு அதிர்ஷ்டம் அடித்த செய்தியோடு வந்த வழக்கறிஞர் ஜாகர்ஸ், தொழில் பழகும் பையனை இழப்பதற்கு ஈடாகப் பணம் வேண்டுமா என்று மீண்டும் கேட்டபோது, எல்லோரையும் நடுங்கவைக்கும் அந்த மனிதரையே சண்டைக்கு அழைத்தவரும் இதே ஜோதான். பேச்சாளர் இந்த அத்தியாயங்களை வாசிக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். வாசித்துவிட்டு மறந்திருக்கலாம்.

கை ஓங்கத் தெரிந்தவர் வீட்டுக்குள், தன்னையும் பிப்பையும் அடிக்கும் மனைவிமேல், ஏன் ஓங்கவில்லை என்பதற்கு ஏழாம் அத்தியாயத்தில் ஜோவே விடை சொல்கிறார். குடித்துவிட்டுத் தாயை அடித்து நொறுக்கிய தகப்பனைப் பார்த்து வளர்ந்தவர் அவர். ஒரு பெண்ணுக்குச் செய்யக்கூடாததைச் செய்து தவறுவதைவிட, மற்றப் பக்கமாகத் தவறித் தான் கொஞ்சம் கஷ்டப்படுவது மேல் என்று யோசித்து எடுத்த முடிவு அது. முடிவு, ஐயா. எழுதப் படிக்கத் தெரியாத கொல்லர் ஒருவர் யோசித்து எடுத்த முடிவு.

“அப்படியானால் பிப் அடி வாங்கியபோது என்ன செய்தார்?” என்று கேட்பீர்கள். நத்தார் விருந்தில் பெரியவர்கள் எல்லோரும் அந்தச் சிறுவனைக் குத்திக் காட்டும்போது, ஜோ பேசாமல் அவன் தட்டில் இறைச்சிக் குழம்பை ஊற்றிக்கொண்டே இருக்கிறார். குழம்பு போதுமா என்றால், போதாது. அந்தப் பிரம்படியும் தன்மேலேயே விழக்கூடாதா என்று அவர் பிப்பிடம் சொல்வதிலிருந்து, போதாது என்பது அவருக்கும் தெரிந்திருக்கிறது. ஆனால் அந்த மேசையில் பிப்புக்கு வேறு யார் ஊற்றினார்கள்? இதற்குமேல் இந்த ஆட்சேபத்துக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. 1861இல் எழுதி முடித்த நாவல் இந்தக் காலத்துக்குப் பொருந்தாது என்பவர்களுக்கு அதுகூடக் கிடையாது.

என் அப்பா செட்டியார் தெருவில், நகைக்கடையொன்றின் மேல்மாடிப் பட்டறையில், 31 வருடங்கள் வேலை செய்தார். பிறகு தருகிறேன் என்று சொல்லிக் கூலியைத் தராமலே விட்ட முதலாளியின் மகளுக்குத் தாலிக்கொடி செய்து கொடுத்ததும் அவரே. “பாவம், நல்ல மனிசன்” என்று சொந்தக்காரர்கள் சொல்லும்போது அந்தப் ‘பாவ’த்தில் இருந்த ஏளனத்தைக் கேட்டு வளர்ந்தேன். கேட்டதோடு நின்றேனா? கொள்ளுப்பிட்டியில் எனக்கு முதல் வேலை கிடைத்த மாதம், வீட்டில் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க அப்பா அலுவலகத்துக்கு வந்தார். அமிலம் பட்டுக் கறுத்த விரல்கள், கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டை. வரவேற்பறைக் கதிரையில் முதுகு சாயாமல் இருந்தார். நான் அவரைப் பின்படிக்கட்டுப் பக்கம் அழைத்துப்போய் வைத்துத்தான் பேசினேன். “சரி பிள்ளை, நான் வாறன்” என்றார். அதன்பிறகு அவர் உள்ளே வந்ததேயில்லை. ஏதாவது கொண்டுவந்தால் பஸ் தரிப்பிடத்தில் நின்றுகொண்டு தொலைபேசி எடுப்பார்.

அந்த அதிர்ஷ்டத்தால் இலண்டனில் கனவானாகிவிட்ட பிப்பைப் பார்க்க வந்த ஜோவின் தொப்பி திரும்பத் திரும்ப விழுவதைப் பேச்சாளர் நடித்துக் காட்டினார். அதற்குத்தான் நீங்கள் அதிகம் சிரித்தீர்கள். அந்தக் காட்சியின் முடிவை அவர் சொல்லவில்லை. பிப் தன்னால் கூச்சப்படுவதை விளங்கிக்கொண்ட ஜோ, இந்த உடுப்பில் நான் பிழை, பட்டறைக்கு வெளியே நான் பிழை என்கிறார். வாழ்க்கையே எத்தனையோ பிரிவுகளைப் பற்றவைத்துச் செய்ததுதான், ஒருவன் கருமான், ஒருவன் பொற்கொல்லன், ஒருவன் கன்னான் என்கிறார். அந்தப் பக்கத்தில் பொற்கொல்லன் என்ற சொல்லை முதன்முதலாகக் கண்ட அன்று என்னால் மேற்கொண்டு வாசிக்க முடியவில்லை. பிற்பாடு நோயில் கிடந்த பிப்பைப் பராமரித்து, அவனுடைய 123 பவுண் கடனையும் அடைத்துவிட்டு, அவன் எழும்புமுன் ஜோ போய்விடுகிறார். அதுவும் நகை வாங்கிய கடன்.

“உங்கள் அப்பாவையும் கதாபாத்திரத்தையும் குழப்பிக்கொள்கிறீர்கள்” என்று ஒருவர் ஏற்கெனவே உள்பெட்டியில் எழுதிவிட்டார். ஆம், குழப்பிக்கொள்கிறேன். நீங்கள் சிரித்தபோது எனக்கு அந்தப் பஸ் தரிப்பிடம்தான் தெரிந்தது. பிரித்துப் பார்க்கும் பக்குவம் உள்ளவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள், நான் கடைசி வரிசையில் இருந்தேன்.

அடுத்த கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிடம் தருவதாக ஏற்பாட்டாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். தொப்பியை நான் நடித்துக் காட்டமாட்டேன்.