ரோம் துறைமுகம் ரோமில் இல்லை

இத்தாலியிலிருந்து சுற்றுலாக் கப்பலில் போகிறவர்களில் சிலர், "கப்பல் ரோமிலிருந்துதானே கிளம்புகிறது, அன்று காலை கொலோசியம் பார்த்துவிட்டு மதியம் ஏறிக்கொள்ளலாம்" என்று நினைக்கிறார்கள். தயவுசெய்து அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

டிக்கெட்டில் 'ரோம்' என்று இருந்தாலும் கப்பல் நிற்பது சிவிதாவெக்கியா என்ற துறைமுக ஊரில். ரோமிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். ரோமின் முக்கிய ரயில் நிலையமான டெர்மினியிலிருந்து சாதாரண ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். இறங்கியதும் கப்பல் கண்ணில் படாது. பெட்டியை உருட்டிக்கொண்டு போய், துறைமுகப் பேருந்து பிடித்து உள்ளே போக வேண்டும். அப்புறம் பாதுகாப்புச் சோதனை வரிசை. கப்பல் ஐந்து மணிக்குப் புறப்படுகிறது என்றால் ஐந்து மணி வரை ஏற்றிக்கொள்வார்கள் என்று அர்த்தமில்லை. பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே, சிலவற்றில் அதற்கும் முன்பே, வாசலை மூடிவிடுவார்கள்.

காகித டிக்கெட் வாங்கினால், ரயில் ஏறுமுன் நடைமேடை அருகே உள்ள சிறு இயந்திரத்தில் செருகி நேரமுத்திரை பதித்துக்கொள்ளுங்கள். மறந்தால் அபராதம். இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தமும் அடிக்கடி வரும். தேதியை முன்கூட்டியே அறிவிப்பார்கள், பார்த்துவையுங்கள்.

வெனிஸும் இப்படித்தான். 2021 ஆகஸ்டிலிருந்து பெரிய கப்பல்கள் நகர மையத்தில் உள்ள சான் மார்க்கோ சதுக்கத்தின் முன்பாகப் போக முடியாது. 'வெனிஸ்' என்று விற்கும் பயணங்கள் சில ரவென்னா, திரியெஸ்தே போன்ற வேறு துறைமுக ஊர்களிலிருந்து கிளம்புகின்றன.

கொலோசியத்தை முந்தின நாளே பார்த்துவிடுங்கள். கடைசி இரவு சிவிதாவெக்கியாவிலேயே தங்கினால் இன்னும் நல்லது.