தேடி வருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம்

நன்றாக ஆடினால் கல்லூரிப் பயிற்சியாளர்களே தேடி வருவார்கள் என்று, கல்லூரி விளையாட்டு அணியில் இடம் பிடிப்பது பற்றிய உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். இங்கே அமெரிக்காவில் டென்னிஸ் ஆடும் என் மகளுக்கு அப்படி நடக்கவில்லை. பத்தாம் வகுப்பில் அவள் அனுப்பிய மின்னஞ்சல் ஒன்றுக்கும் பதில் வராமல் பிள்ளை அழுதே விட்டாள். அந்த ஆண்டுப் படிப்பு முடிந்து, ஜூன் 15-க்குப் பிறகுதான் டிவிஷன் 1 (கல்லூரி விளையாட்டின் மூன்று பிரிவுகளில் மேல்நிலைப் பிரிவு) பயிற்சியாளர்கள் மாணவிக்குத் தனிப்பட்ட முறையில் பதில் எழுதலாம் என்ற விதி அப்போது எங்களுக்குத் தெரியாது. அந்தத் தேதிக்குப் பிறகு மூன்று பேர் எழுதினார்கள்!

அப்புறம் படிப்பு. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் தகுதிக்கு 16 முக்கியப் பாடங்கள் வேண்டும். டிவிஷன் 1 என்றால் அவற்றில் 10 பாடங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே முடித்திருக்க வேண்டும். அந்தப் பத்தில் ஏழு, ஆங்கிலம், கணிதம், அறிவியலாக இருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலேயே பள்ளி ஆலோசகரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள், தயவுசெய்து.

டிவிஷன் 3 கல்லூரிகளில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாதுதான். அதற்காக ஒதுக்கிவிடாதீர்கள். மதிப்பெண்ணுக்கும் குடும்ப வருமானத்தைப் பார்த்தும் உதவி தருகிறார்கள். என் மகள் அப்படி ஒரு கல்லூரியில்தான் இப்போது சந்தோஷமாக ஆடுகிறாள்.