2052 வரை காத்திருக்காதீர்கள்

ஜப்பானின் கியூஷூ தீவுப் பக்கம் போகிறவர்கள் பலர், "2016 நிலநடுக்கத்தில் சேதமான குமாமோட்டோ கோட்டையில் இன்னும் சீரமைப்பு வேலை நடக்கிறதாமே, முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுகிறார்கள். முடிய 2052 ஆகிவிடும். முதலில் 2037 என்றுதான் சொன்னார்கள். என்னைக் கேட்டால், பார்க்க வேண்டிய நேரமே இதுதான்.

எல்லோரும் படம் எடுக்கும் நடுக்கோபுரம் 1960இல் கட்டிய கான்கிரீட் கட்டடம். பழையது 1877லேயே எரிந்துபோனது. 2021இல் பழுதுபார்த்துத் திறந்துவிட்டார்கள். உள்ளே நல்ல அருங்காட்சியகம், லிஃப்ட்கூட உண்டு. ஆனால் கோட்டையின் உயிர் அதன் கல் மதில்தான். 1607இல் இந்தப் பகுதியை ஆண்ட பிரபு காத்தோ கியோமாசா கட்டி முடித்தது. அடியில் சாய்வாகத் தொடங்கி மேலே போகப்போகச் செங்குத்தாகிவிடும், ஏறி வரும் எதிரி பாதியில் திணறுவான்.

காரை பூசாத மதில் அது. முகப்புக் கற்களுக்குப் பின்னால், மழைநீர் வடிய, சிறு கற்களைக் கொட்டி நிரப்பியிருக்கிறார்கள். 2016 ஏப்ரல் 14, 16 நிலநடுக்கங்களில் அந்த நிரப்பு குலுங்கி இறங்கி, முகப்பை வெளியே தள்ளியது. சரிந்து விழுந்தது மதில் பரப்பில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் விழாமல் வயிறு தள்ளி நிற்பதையும் பிரித்துத்தான் அடுக்க வேண்டும். அதையும் சேர்த்தால் சுமார் 30 சதவீதம், 23,600 சதுர மீட்டர். ஒவ்வொரு கல்லுக்கும் எண் எழுதி, பழைய படங்களோடு ஒப்பிட்டு, இருந்த இடத்திலேயே வைக்கிறார்கள். காலம் ஏன் நீளாது?

இன்னொன்று: 2016இல் சரிந்தவற்றில் பெரும்பகுதி, 1889 நிலநடுக்கத்தில் சரிந்து, பிறகு திருப்பிக் கட்டிய இடங்கள். அவசரத்தில் அடுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். தாமதத்தைக் குறை சொல்கிறவர்கள் இதை யோசிக்கலாம்.

குமாமோட்டோ கோட்டை–நகராட்சி டிராம் நிறுத்தத்தில் இறங்கித் தெற்கு வாசலால் நுழையுங்கள். தரையிலிருந்து ஆறு மீட்டர் வரை உயரும், சுமார் 350 மீட்டர் நடைபாலம் சரிந்த மதில்களின் பக்கமாகவே கூட்டிப்போகும். வேலை முடிந்ததும் அதை எடுத்துவிடுவார்கள். அந்தக் கோணம் பிறகு கிடைக்காது. நிலநடுக்கத்தைத் தாங்கி நின்ற பழைய உத்தோ காவல்மாடத்தைத் தேடி ஏமாறாதீர்கள், பிரித்து வைத்திருக்கிறார்கள். நினோமாரு திடல் பக்கம் போனால், எண் எழுதிய கற்கள் வரிசையாகக் கிடப்பதைப் பார்க்கலாம்.

பெரியவர்களுக்கு 800 யென். மாலை 4.30க்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். நேரம் தவறினால் எதிரே நகராட்சிக் கட்டடத்தின் 14ஆம் மாடிக்குப் போங்கள். கோட்டை முழுவதும் தெரியும், காசும் இல்லை.