கையில் காசு இருக்கிறவருக்கு லோன் எதற்கு?

2025-ல் தேங்காய் விலை ஏறியதிலிருந்து கேரள-தமிழக எல்லையோரத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கமெல்லாம் புது வண்டி நிறையவே கண்ணில் படுகிறது. அந்த வருஷம் செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாக இறங்கியதும் சேர்ந்துகொண்டது. சந்தோஷம். ஆனால் வாங்கினவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒன்று உறுத்துகிறது. பேங்கில் எட்டு லட்சம், பத்து லட்சம் டெபாசிட் வைத்திருக்கிறவர்கள்கூட ஐந்து வருஷ லோன், ஏழு வருஷ லோன் என்றுதான் வண்டியை இறக்கியிருக்கிறார்கள். ஏனுங்க அப்படி என்று கேட்டால், எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே பதில்: "டெபாசிட்டை உடைச்சா நட்டமுங்க. லோன் போட்டாத்தான் லாபம்னு ஷோரூம்லயே கணக்குப் போட்டுக் காட்டினாங்க."

அந்தக் கணக்கை நானும் பார்த்திருக்கிறேன். பாலக்காட்டு ஷோரூமானாலும் கோயம்புத்தூர் ஷோரூமானாலும் கணக்கு ஒன்றுதான். எட்டு லட்சத்தை 7 சதவீதத்துக்கு டெபாசிட்டில் விட்டால் ஐந்து வருஷத்தில் 11 லட்சத்து 32 ஆயிரத்துக்குப் பக்கம் வரும். அதாவது வட்டி மட்டும் 3 லட்சத்து 32 ஆயிரம். அதே எட்டு லட்சத்தை 9.5 சதவீதத்துக்கு லோனாக எடுத்தால், மாசம் ஏறத்தாழ 16,800 வீதம் 60 மாசம் கட்ட வேண்டும். மொத்த வட்டி 2 லட்சத்து 8 ஆயிரம். "பாருங்க சார், பேங்க் உங்களுக்குத் தர்றது மூணே கால் லட்சத்துக்கு மேல, நீங்க பேங்குக்குத் தர்றது ரெண்டு லட்சம்தான். ஒரு லட்சத்துக்கு மேல லாபம்!" என்று செல்போனைத் திருப்பிக் காட்டுவார்கள். எண் ஒவ்வொன்றும் சரி. அதனால்தான் நம்பிவிடுகிறோம்.

இதில் ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டிருக்கிறார்கள். மாசாமாசம் அந்த 16,800 எங்கிருந்து வரும்?

டெபாசிட்டிலிருந்தே எடுத்துக் கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். அந்த எட்டு லட்சமும் அதன் வட்டியும் சேர்ந்து 56-வது தவணையோடு காலி. கடைசி நாலு தவணையைக் கைக்காசில்தான் கட்ட வேண்டும். லாபம் எங்கே போனது? அப்படியில்லை, தவணையைத் தோட்டத்து வருமானத்திலிருந்தோ சம்பளத்திலிருந்தோ கட்டுவேன் என்றால், முழுப்பணம் கொடுத்து வண்டி எடுத்தவருக்கும் அதே 16,800 மாசம் மிச்சமாகும் அல்லவா? அவர் அதை அதே 7 சதவீதத்துக்கு ஆர்டியில், அதாவது மாசாமாசம் கட்டும் டெபாசிட்டில், போட்டுக்கொண்டே வந்தால் ஐந்து வருஷ முடிவில் கையில் 12 லட்சம் இருக்கும். லோன் எடுத்து டெபாசிட்டைக் காப்பாற்றியவரிடம் இருப்பது 11 லட்சத்து 32 ஆயிரம். கிட்டத்தட்ட எழுபதாயிரம் குறைவு, அதுவும் ப்ராசஸிங் கட்டணத்தையும் மற்ற செலவுகளையும் கணக்கில் சேர்க்காமலே.

லோனின் வட்டி ஐந்து வருஷத்தில் குறைந்த தொகையாகத் தெரிவதற்குக் காரணம், மாசாமாசம் அசல் குறைந்துகொண்டே வருவது. டெபாசிட்டில் அசல் குறைவதில்லை, வட்டிக்கு வட்டியும் சேர்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதே தப்பு. வாங்குகிற வட்டி 7, கொடுக்கிற வட்டி 9.5 என்றால் நடுவில் இருக்கும் இரண்டரை நம் பையிலிருந்து போவது, அவ்வளவுதான். இன்னொன்று, தேங்காய் விற்ற காசுக்கு வருமான வரி கிடையாது. அதை டெபாசிட்டில் போட்டு வாங்கும் வட்டி விவசாய வருமானத்தில் சேராது. வரி வரம்புக்குள் வருகிறவருக்கு அந்த 7-லும் ஒரு பங்கு குறையும். சொந்த உபயோகத்துக்கு வாங்கிய காரின் லோன் வட்டியைக் காட்டி வரியைக் குறைக்கவும் வழியில்லை. மியூச்சுவல் ஃபண்டில் 12 சதவீதம் வருமே என்பவர்களுக்கு: வரலாம், வராமலும் போகலாம். தவணை மட்டும் தப்பாமல் வரும்.

அப்புறம் ஷோரூம்காரர் ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார்? லோன் ஃபைல் ஒன்று போனால் பேங்கிடமிருந்து டீலருக்குக் கமிஷன் உண்டு. இன்சூரன்ஸிலும் உண்டு, சீட் கவர் முதல் கால் மேட் வரை ஆக்ஸசரீஸிலும் உண்டு. வண்டியில் நிற்கும் லாபம் குறைவு என்பதால் இந்த ஓரத்து வருமானத்தில்தான் பல ஷோரூம்கள் ஓடுகின்றன. பாவம், அந்தப் பையன்களுக்கும் மாசத்துக்கு இத்தனை லோன் என்று டார்கெட் இருக்கிறது. அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. நம் கணக்கை அவர்களிடம் போடக் கொடுக்கக் கூடாது என்பதுதான் என் கட்சி.

முழுப்பணம் என்று சொன்னால் விலை குறைப்பார்கள் என்ற பழைய நம்பிக்கை நம் பெரியவர்களிடம் இன்னும் இருக்கிறது. மாட்டுச் சந்தையில் அது நடக்கும். கார் டீலருக்கு லோன் எடுத்தாலும் பேங்க் முழுத்தொகையையும் ஒரே தடவையில் அனுப்பிவிடுகிறது. நீங்கள் தந்தாலும் பேங்க் தந்தாலும் அவருக்கு ஒன்றுதான். லோன் என்றால் கமிஷன் வேறு. அதனால் உள்ளே நுழைந்ததும் "நான் ஃபுல் கேஷுங்க" என்று பெருமையாகச் சொன்னால் தள்ளுபடி குறையத்தான் வாய்ப்பு. எப்படிப் பணம் கட்டப் போகிறீர்கள் என்று கேட்டால், "அது பார்த்துக்கலாம், மொதல்ல வண்டி விலையைச் சொல்லுங்க" என்று நிறுத்துங்கள். எக்ஸ் ஷோரூம் விலை, தள்ளுபடி, இன்சூரன்ஸ், சாலை வரி எல்லாம் தனித்தனி வரியாகக் கொட்டேஷனில் எழுதி வந்த பிறகு லோனா பணமா என்று பேசலாம். ஹேண்ட்லிங் சார்ஜ் என்று ஒரு வரி இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். இன்சூரன்ஸை வெளியே எடுக்கவும் நமக்கு உரிமை உண்டு, அங்கேதான் எடுக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

பணம் என்றதும் பையில் நோட்டுக்கட்டோடு போகிற ஆட்கள் நம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். ஒரு பரிவர்த்தனையில் 2 லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது 2017 ஏப்ரலிலிருந்து சட்டம். வாங்குகிறவருக்கு அதே அளவு தொகை அபராதம். நாலு நாளாகப் பிரித்துக் கொடுத்தாலும் ஒரே வண்டிக்கு என்றால் அது ஒரே பரிவர்த்தனைதான். ஆர்டிஜிஎஸ், டிடி, காசோலை, இதில் ஏதாவது ஒன்று. வண்டி விலை 10 லட்சத்தைத் தாண்டினால் டீலர் ஒரு சதவீதம் டிசிஎஸ், அதாவது நம் பேரில் முன்கூட்டியே கட்டும் வருமான வரி, பிடிப்பார். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம், திரும்பவும் வாங்கலாம். விவசாயிதானே என்று கணக்கே தாக்கல் செய்யாமல் அந்தப் பத்தாயிரத்தைச் சும்மா விட்டவர்கள் இங்கே உண்டு.

சரி, "லோன் எடுத்தால் மட்டும் இருபதாயிரம் தள்ளுபடி" என்று சொன்னால்? எடுத்துவிட்டு மூணு மாசத்தில் அடைத்துவிடலாம் என்று தோன்றும். ஷோரூம் பையனும் அதைத்தான் சொல்வான். குறைந்தபட்சமாக மூணு லட்சம் லோன் போடுகிறீர்கள் என்று வையுங்கள். மூணு மாச வட்டி ஏழாயிரம். ப்ராசஸிங் கட்டணம் ஐயாயிரம், அதற்கு ஜிஎஸ்டி தொள்ளாயிரம். ஆர்சியில் பேங்க் பேரை ஏற்ற 1,500. இங்கேயே பதினாலாயிரம் ஆயிற்று. அதன்மேல் முன்கூட்டி அடைப்பதற்கு 5 சதவீதம் என்று இருந்தால் பதினைந்தாயிரமும் ஜிஎஸ்டியும். இருபதாயிரம் தள்ளுபடிக்கு முப்பதாயிரத்துக்கு மேல் செலவு. மாறும் வட்டி லோனாக இருந்தால் தனிநபரிடம் சொந்த உபயோகக் கடனுக்கு முன்கூட்டி அடைக்கும் கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. ஆனால் கார் லோனில் பெரும்பாலானவை நிலையான வட்டி. அங்கே அந்தக் கட்டணம் உண்டு.

இதையெல்லாம் ஷோரூமில் வாய்வார்த்தையாகக் கேட்க வேண்டியதில்லை. 2024 அக்டோபரிலிருந்து சில்லறைக் கடன் எதற்கும் முக்கிய விவர அறிக்கை ஒன்றைக் கையில் தர வேண்டும். கேஎஃப்எஸ் என்று கேளுங்கள். கட்டணம் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு உண்மையில் எத்தனை சதவீதம் ஆகிறது என்று அதில் இருக்கும். "6 பர்சென்ட்தான் சார்" என்று யாராவது சொன்னால் அது ஃப்ளாட் வட்டியா, அதாவது அசல் குறைந்தாலும் முதலில் வாங்கிய முழுத்தொகைக்கே போடும் வட்டியா, என்று பாருங்கள். 6 சதவீத ஃப்ளாட்டில் எட்டு லட்சத்துக்கு ஐந்து வருஷ வட்டி 2 லட்சத்து 40 ஆயிரம். குறையும் அசலில் பார்த்தால் அது 10.85 சதவீதம். லோன் தொகைக்குள்ளேயே ஒரு ஆயுள் காப்பீட்டைச் சத்தமில்லாமல் சேர்த்திருப்பதும் அந்தத் தாளில்தான் தெரியும்.

விவசாயம் பார்க்கிறவர்களுக்குத் தவணை ஒத்துவராததற்கு இன்னொரு காரணம் உண்டு. நமக்குத் தேங்காய் வெட்டு ஒன்றரை மாசத்துக்கு ஒருமுறை, சில தோப்பில் இரண்டு மாசம். நெல்லென்றால் போகத்துக்கு ஒருமுறை. பேங்குக்கு ஐந்தாம் தேதி என்றால் ஐந்தாம் தேதிதான். வியாபாரி பத்து நாள் தாமதமாகக் காசு கொடுத்தால் அந்த மாசத் தவணை திரும்பும், பவுன்ஸ் சார்ஜ் விழும், நம் கடன் வரலாறான சிபிலிலும் ஏறும். அடுத்த வருஷம் பயிர்க்கடன் கேட்டுப் போகும்போது அந்தக் கார் தவணையைத்தான் மேனேஜர் முதலில் எடுத்துக் காட்டுவார்.

இருக்கிறதையெல்லாம் துடைத்துக் காரில் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. போர் மோட்டார் எரிந்தால், வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால், எடுக்கப் பணம் வேண்டும். அதை ஒதுக்கிவிட்டு மிச்சம் போதவில்லை என்றால் பாதிப் பணத்தை முன்னே கட்டி, பாதிக்கு லோன் எடுங்கள், மூணு வருஷத்துக்கு மேல் வேண்டாம். நாலு லட்சத்துக்கு மூணு வருஷ வட்டி 61 ஆயிரம்தான். எட்டு லட்சத்தை ஏழு வருஷத்துக்கு இழுத்தால் 2 லட்சத்து 98 ஆயிரம். தவணை 13,000-தானே என்று பார்க்கிறவர்கள் இந்த எண்ணைப் பார்ப்பதில்லை. வாடகை வண்டி ஓட்டுகிறவர், வியாபாரக் கணக்கில் வாங்குகிறவர் கதை வேறு. அவர்கள் வட்டியையும் தேய்மானத்தையும் செலவில் எழுதலாம்.

கேரள அரசின் கேஎஸ்எஃப்இ சிட்டி (ஏலச் சீட்டு) பிடித்துக் கார் எடுத்தேன், லோனே இல்லை என்கிறவர்களும் இருக்கிறார்கள். 1969-லிருந்து நடக்கும் அரசு நிறுவனம், நம்பிக்கைக்குக் குறைவில்லை. ஆனால் ஏலத்தில் தள்ளி எடுத்த தொகையும் ஒரு வட்டிதான். அதை எழுதிப் பார்க்காமல் வட்டியில்லாக் கார் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். பயிருக்கு என்று குறைந்த வட்டியில் வாங்கிய நகைக்கடன் வாசலில் காராக நிற்கும் கதையும் ஊருக்கு ஊர் உண்டு. அதை எழுதினால் சொந்தக்காரர்களே சண்டைக்கு வருவார்கள், விட்டுவிடுகிறேன்.

எல்லையோரத்தில் இருக்கிற நமக்கென்று ஒரு தொல்லை தனியாக இருக்கிறது. வீடு பாலக்காட்டுச் சிற்றூர் தாலுகாவில், பேங்க் கணக்கு பொள்ளாச்சியில், ஷோரூம் கோயம்புத்தூரில். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு, முகவரி கேரளம் என்பதற்காகவே சரிபார்க்க யார் வருவது என்று இழுத்தடித்து, கடைசியில் அரை சதவீதம் கூட்டிக் கொடுத்தார்கள். முழுப்பணம் கட்டினவர் தற்காலிகப் பதிவில் வண்டியைக் கொண்டுவந்து சிற்றூர் பதிவெண்ணான கேஎல் 70 வாங்கிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். லோன் வண்டியை நாளைக்குப் பொள்ளாச்சிக்காரர் ஒருவருக்கு விற்க வேண்டுமென்றால், பேங்கின் என்ஓசி (தடையில்லாச் சான்று), ஆர்சியில் பேங்க் பேரை நீக்கப் படிவம் 35, அதன்பின் வேறு மாநிலத்துக்குப் போக படிவம் 28 என்று ஒவ்வொன்றாக ஏறி இறங்க வேண்டும். தவணை முழுக்கக் கட்டி முடித்தும் ஆர்சியில் பேங்க் பேரை நீக்காமலே ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். வண்டி விபத்தில் முழுசாகப் போனால் இன்சூரன்ஸ் தொகை முதலில் அந்தப் பேருக்குத்தான் போகும்.

வாங்குவதென்று முடிவு செய்துவிட்டவர்களுக்கு ஒன்று. தமிழ்நாட்டுப் பக்கம் ஆடி, கேரளப் பக்கம் கர்க்கடகம், இரண்டும் ஒரே சமயத்தில் வருவதால் ஜூலை நடுவிலிருந்து ஒரு மாசம் இரண்டு மாநிலத்து ஷோரூம்களிலும் ஆள் நடமாட்டம் குறைவு. ஓணத்துக்கும் ஆயுத பூஜைக்கும் கூட்டத்தில் நின்று கேட்பதைவிட அப்போது போய் உட்கார்ந்து விலை பேசுங்கள். நல்ல நாள் பார்க்கிற வீடென்றால் டெலிவரியை ஆவணி ஒன்றாம் தேதிக்கு வைத்துக்கொள்ளலாம்.