காஸ்டிங் ஷீட்டில் இல்லாத வரி

போன வாரம் ஒரு வெளிநாட்டு பையருடன் (எங்களிடம் டீ-ஷர்ட் வாங்கும் கம்பெனிக்காரர்) வீடியோ கால். முதல் அரை மணி நேரம் முழுக்கச் சுற்றுச்சூழல்தான். துணிக்கு எங்கே சாயம் போடுகிறீர்கள், கழிவுத் தண்ணீர் எங்கே போகிறது, சர்டிபிகேட் எந்தத் தேதி வரை செல்லும். எல்லாவற்றுக்கும் பேப்பர் அனுப்பியிருந்தேன். அந்தம்மாவுக்கு முகமெல்லாம் திருப்தி. அடுத்த ஐந்தாவது நிமிஷம், "பீஸுக்கு 8 சென்ட் குறைங்க, இல்லேன்னா ஆர்டர் பங்களாதேஷ் போயிரும்" என்கிறார்.

8 சென்ட் என்றால் நம்ம காசில் கிட்டத்தட்ட ஏழு ரூபாய். ஒரு டீ-ஷர்ட்டுக்கான சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்ய, எங்கள் கணக்கில், அதைவிடக் குறைவாகத்தான் ஆகும்.

திருப்பூரில் 14 வருஷமாக மெர்ச்சண்டைசராக, அதாவது பையரிடம் ஆர்டரும் விலையும் பேசி முடிப்பவனாக, குப்பை கொட்டுகிறேன். (ஊரைப் பற்றிப் பேசும்போது இந்த வார்த்தை கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.) தொழிலின் சுற்றுச்சூழல் பொறுப்பு என்றதும் ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று மரக்கன்றோடு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறார்களே, அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவு, பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவழிக்கச் சொல்கிறது. வழக்கமான தொழில் நடவடிக்கைக்கு ஆகும் செலவை அதில் சேர்க்க முடியாது என்று அதன் விதிகளே சொல்கின்றன. சரிதானே? நம்ம வீட்டுச் சாக்கடையை நாமே அள்ளுவதற்குப் பெயர் தர்மமா?

சாயத் தண்ணீர் என்றதும் எல்லோரும் கலரைத்தான் சொல்கிறார்கள். எங்கள் ஊர் நொய்யல் ஆறு ஒரு நாள் சிவப்பாக ஓடும், மறுநாள் நீலமாக ஓடும் என்று. கலரைக்கூட எடுத்துவிடலாம். எமன் உப்பு. பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டுமென்றால் உப்பு போட்டே ஆக வேண்டும். அடர் கலருக்கு லிட்டருக்கு 60, 80 கிராம் வரை போகும். அந்த உப்பு துணியில் ஒட்டுவதில்லை. சாயத்தை நூலுக்குள் தள்ளிவிட்டு அப்படியே தண்ணீரோடு வெளியே வந்துவிடும். ஆரம்பத்தில் கட்டிய பொது சுத்திகரிப்பு நிலையங்கள் கலரைப் பிரித்தன, உப்பைத் தொடவே இல்லை. தெளிந்த தண்ணீரைப் பார்த்து ஊரே நிம்மதியாகிவிட்டது.

எங்க அப்புச்சி (அம்மாவோட அப்பா) தோட்டம், திருப்பூரைத் தாண்டி நொய்யலில் இருக்கும் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே. பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனத்துக்கு என்று 1992இல் கட்டி முடித்த அணை அது. தேங்கியது சாயக் கழிவு. கிணற்றுத் தண்ணீரில் டீ போட்டால் பால் திரிந்துவிடும். எத்தனை விசில் விட்டாலும் பருப்பு வேகாது. வாய்க்கால் வரப்பில் விபூதி பூசியது மாதிரி ஒரு வெள்ளைப் படலம். சின்ன வயதில் நான் அதை விரலால் சுரண்டி நக்கிப் பார்த்து அம்மாயியிடம் (அம்மாவோட அம்மா) அடி வாங்கியிருக்கிறேன். தென்னையில் காய் எலுமிச்சை அளவிலேயே உதிர்ந்தது. தண்ணிக்காக அரசாங்கத்திடம் மல்லுக்கட்டும் விவசாயிகளைப் பார்த்திருப்பீர்கள். "அணையில தண்ணியே தேக்காதீங்க சாமி" என்று கேட்டவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள்.

இதில் ஒரு கூத்து, எங்கப்பா சாயப் பட்டறையில் டையிங் மாஸ்டர். நான் படித்தது அந்தச் சம்பளத்தில்தான். தீபாவளிக்கு அப்புச்சி வீட்டுத் திண்ணையில் அவரும் அப்பாவும் உட்கார்ந்திருப்பார்கள். மழை, மாட்டு விலை, கட்சி எல்லாம் பேசுவார்கள். கிணற்றைப் பற்றி மட்டும் பேச்சே வராது.

ஆயக்கட்டு விவசாயிகள், அதாவது அந்த ஆற்றுப் பாசனத்தை நம்பியிருந்தவர்கள், கோர்ட்டுக்குப் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே விடக்கூடாது, அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கி அபராதம் கட்டு என்று 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. கெடு 2007 ஜூலை. சாயப் பட்டறைக்காரர்கள் டெல்லிக்குப் போனார்கள். அந்நியச் செலாவணி கொண்டுவருகிறோம், வேலை கொடுக்கிறோம் என்பதற்காகப் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்று 2009இல் உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. அதற்குப் பிறகும் ஆறு மாறவில்லை. 2011 ஜனவரி 28, எல்லாவற்றையும் மூடச் சொல்லி உயர் நீதிமன்ற உத்தரவு. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். கரண்ட் கட். சாயம் போட வெளி மாநிலத்துக்கு லாரியில் துணி போனது. ஆட்கள் மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊருக்கு ரயிலேறினார்கள். அப்பா நாலு மாதம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

அந்த அடிக்குப் பிறகுதான் தண்ணீரிலிருந்து உப்பை வடிகட்டும் ஆர்.ஓ., மிச்சத்தைக் காய்ச்சி ஆவியாக்கும் எவாபரேட்டர் என்று எல்லாம் ஒழுங்காக ஓட ஆரம்பித்தன. இன்று தண்ணீரில் 90 சதவீதத்துக்கு மேல் திரும்ப எடுத்து அதே பட்டறையில் ஓட்டுகிறார்கள். உப்பையும் பிரித்து மறுபடி சாயத்துக்கே போடுகிறார்கள். உலகத்தில் வெகு சில ஊர்களே செய்கிற காரியம், பெருமையாகவே சொல்வேன். முழுசாக முடிந்துவிட்டதா என்றால் இல்லை. எதற்கும் உதவாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாக ஷெட்டில் அடுக்கிக் கிடக்கிறது. பெருமழை பெய்தால் ஆற்றில் இன்றும் நுரை வருகிறது. யார் திறந்துவிட்டார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

ஆனால் பட்டறைக்காரரை மட்டும் திட்டிவிட்டு நகர எனக்கு மனசு வரவில்லை. அவருக்குக் கிடைப்பது கிலோவுக்கு இவ்வளவு என்று ஒரு ஜாப் ஒர்க் ரேட், கூலி. அந்த ரேட்டைக் கசக்குவது எங்களைப் போன்ற எக்ஸ்போர்ட்காரர்கள். எங்களைக் கசக்குவது, அரை மணி நேரம் ஆற்றைப் பற்றி அக்கறையாகக் கேட்ட அதே பையர். பச்சை இலை படம் போட்ட டேகைச் சட்டையில் தொங்கவிட்டு விற்பதும் அவர்தான். எவாபரேட்டருக்கு விறகும் கரண்டும் யார் வீட்டுக் காசு?

இந்த முறை ஒரு காரியம் செய்தேன். ஒரு பீஸுக்கு ஆகும் செலவை வரி வரியாகக் காட்டும் காஸ்டிங் ஷீட்டில் நூல், நிட்டிங், டையிங், கட்டிங் என்று போகிற வரிசையில் "கழிவுநீர் சுத்திகரிப்பு" என்று தனியாக ஒரு வரி சேர்த்து, அதற்கு நேரே தொகையையும் போட்டு அனுப்பினேன். "இதை ஏன் நாங்கள் தர வேண்டும்?" என்று ஒற்றை வரியில் பதில் மெயில் வந்தது.

முதலாளி படித்துப் பார்த்தார். கோபப்படவில்லை. "அந்த வரியத் தூக்கிரு கண்ணு. டையிங் ரேட்லயே அடக்கிக்கலாம்" என்றார்.

தூக்கிவிட்டேன். 5 சென்ட் குறைத்து ஆர்டர் கன்ஃபர்ம் ஆனது. நாளைக்குப் பட்டறைக்காரரிடம் ரேட் பேச நான்தான் போக வேண்டும்.