ஆட்டமில்லாத மாதங்களும் கிளப்தான்

அயர்லாந்துக் கிராமத்து ஹர்லிங் (மட்டையும் பந்தும் வைத்து ஆடும் அயர்லாந்தின் பாரம்பரிய ஆட்டம்) கிளப் ஒன்றின் ஓராண்டைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் ஆட்டமில்லாத மாதங்களை ஒரே பத்தியில் தாண்டிவிட்டீர்கள். கிளப் உயிரோடு இருப்பதே அந்த மாதங்களில் நடக்கும் வேலையால்தான். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் பதவிக்கு ஆள் பிடிப்பது, வாராவாரம் லாட்டரிச் சீட்டு விற்பது, குளிரில் சிறுவர்களுக்குப் பயிற்சி தருவது, எல்லாம் ஊர்க்காரர்கள் வேலைதான். ஆடுகிறவர்களுக்கும் சம்பளம் கிடையாது. எண்பதாயிரம் பேர் முன்னால் ஆடிய நட்சத்திரமும் மறுவாரம் வேலைக்குப் போயாக வேண்டும்!

கால அட்டவணையும் முக்கியம். 2022 முதல் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) அணிகளின் இறுதிப்போட்டி ஜூலையிலேயே முடிந்துவிடுகிறது. அப்புறம் எல்லோரும் சொந்த ஊர் அணிக்குத் திரும்புகிறார்கள். ஊர் அணி கவுண்டிக் கோப்பையை வென்றால் மாகாணப் போட்டி, அதையும் வென்றால் ஜனவரியில் டப்ளினின் குரோக் பார்க் மைதானம் வரை போகலாம். கில்கென்னி கவுண்டியின் பாலிஹேல் ஒரு சின்ன ஊர்; அகில அயர்லாந்து கிளப் கோப்பையை 9 முறை தூக்கியிருக்கிறது.

மட்டையைப் பற்றி ஒரு வரிதானா? ஆஷ் மரத்தின் அடிப்பகுதி, வேருக்கு வளையும் இடத்திலிருந்துதான் அதை அறுக்கிறார்கள். 2012இல் அயர்லாந்தில் கண்டறியப்பட்ட பூஞ்சை நோய் அந்த மரங்களைக் கொன்றுகொண்டிருக்கிறது. இப்போது மூங்கில் மட்டைகூட வந்துவிட்டது. பழைய ஆட்களுக்கு அது பந்தில் படும் சத்தம் பிடிக்கவில்லையாம்.